பிடரி கொட்டும் குதிரை: எண்ணெய்க்கு முன்னால் மின்விசிறி

காவிரி டெல்டா கிராமம் ஒன்றிலிருந்து, பெயரும் ஊரும் வெளியில் வரவேண்டாம் என்ற குறிப்போடு ஒரு நீண்ட கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் குடும்பத்துப் பெண். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபின் குதிரையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய, கத்தியவாரி என்ற குஜராத் இனப் பெட்டை. செவலை நிறம், இப்போது 7 வயது. அவர்கள் வீட்டில் அதற்கு இது மூன்றாவது மழைக்காலம்.

முதல் மழைக்காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாம் வருடம் ஐப்பசியில் பிடரியை லேசாகத் தேய்த்தது, தை பிறந்ததும் தானாகவே அடங்கிவிட்டது. இந்த வருடம் நிலைமை மோசம். தென்னை மரத்தில் தேய்த்துத் தேய்த்து வால் ஈர்க்குமாறு போல ஆகிவிட்டது. வாலடியிலும் பிடரியிலும் தோல் தடித்துப் புண்ணாகியிருக்கிறது, அடிவயிற்றின் நடுக்கோட்டில் பொருக்கு. முடியில் பளபளப்பே இல்லை.

செய்து பார்த்தவை: கலக்காத வேப்பெண்ணெய், மண்ணெண்ணெயில் கரைத்த கற்பூரம், நாய் ஷாம்பு, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசி ஒன்று, மருந்துக்கடைக்காரர் சொல்லி ஒருவர் வந்து போட்ட ஸ்டீராய்டு ஊசி ஒன்று. கடைசி ஊசியில் பத்து நாள் நிம்மதி, பிறகு பழைய கதை. இப்போது மாட்டு உண்ணிக்கான அமிட்ராஸ் பாட்டில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள், இன்னும் ஊற்றவில்லை. தீவனம் நாளைக்கு 3 கிலோ கோதுமைத் தவிடு, 2 கிலோ வேகவைத்த கொள்ளு, கோ-4 புல், வைக்கோல். கொட்டிலுக்கு 20 அடியில் மாட்டுக் குப்பைமேடு, அதற்கப்பால் குளம், சுற்றிலும் நடவு வயல்.

அவர் கேட்பவை இவை. இது சொறியா, பிள்ளைகளுக்கு ஒட்டுமா? எந்த எண்ணெய் பூசினால் முடி வரும்? சுழி சரியில்லை என்று மாமா சொல்வது உண்மையா? விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாமா, இல்லை வேறு யாருக்காவது விற்றுவிடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த அமிட்ராஸ் பாட்டிலைத் தனியாக எடுத்து வையுங்கள். மாட்டுக்கு அது நல்ல மருந்து. குதிரைக்கு ஆகவே ஆகாது. தோலில் ஊற்றினாலும் உடம்புக்குள் இறங்கி, குதிரையை மந்தமாக்கி, பெருங்குடலின் அசைவை நிறுத்திவிடும். லத்தி உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். அரிப்புக்கு மருந்து போடப் போய் வயிற்றுவலியில் குதிரையை இழக்க நேரும். ஊற்றாமல் எழுதிக் கேட்டீர்களே, அது பெரிய காரியம்.

இனி நோய்க்கு வருவோம். குதிரையைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விவரங்கள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: பிடரி, வாலடி, அடிவயிற்று நடுக்கோடு என்ற மூன்று இடங்கள், ஐப்பசியில் தொடங்கித் தையில் அடங்கும் காலக்கணக்கு, ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போவது. இது பூச்சிக்கடி ஒவ்வாமை. கடிப்பது கியூலிகாய்ட்ஸ் என்ற பூச்சி. ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், சில ஊர்களில் சுள்ளான் என்பார்கள். ஆட்டுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவதும் இதே இனம்தான். வடகிழக்குப் பருவமழையோடு தமிழ்நாட்டில் அந்த நோய் ஏறுவதை உங்கள் ஊர் ஆட்டுக்காரர்கள் அறிவார்கள். உங்கள் குதிரையின் அரிப்பும் அந்தக் காலண்டரில்தான் ஓடுகிறது.

கடித்த காயம் இங்கே பிரச்சினை இல்லை. பூச்சியின் எச்சிலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் பத்துக் கடிக்கும் நூறு கடிக்கான அரிப்பு வரும். குறித்துக்கொள்ளக் காலம் பிடிக்கும் என்பதால்தான் முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. “முதல் வருடம் நன்றாகத்தானே இருந்தது, அப்படியானால் இடத்தின் குற்றமாக இருக்க முடியாது” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர்மாறானது. இந்தப் பூச்சி கடிக்காத ஐஸ்லாந்தில் பிறந்து வளர்ந்து ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குப் போகும் குதிரைகளில் இந்த நோய் மிக அதிகம், அவற்றுக்கும் போய்ச் சேர்ந்த சில வருடங்கள் கழித்தே அரிப்பு தொடங்குவது வழக்கம். வறண்ட இடத்திலிருந்து சேற்று நிலத்துக்கு வந்த குதிரைக்கு மூன்றாம் மழைக்காலத்தில் முற்றுவது இந்த நோய்க்குப் பொருந்திய நடைதான்.

ஆகவே எந்த எண்ணெய் என்ற கேள்வியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளுங்கள். சாயங்காலம் 5 மணியிலிருந்து காலை வெயில் ஏறும்வரை குதிரை எங்கே நிற்கிறது, அங்கே காற்று அடிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதைச் சரிசெய்யாமல் தோலில் எதைப் பூசினாலும் ராத்திரி பூச்சி வந்து கணக்கைப் பழையபடி ஆக்கிவிடும். ஸ்டீராய்டு ஊசி பத்து நாளில் தோற்றதும் இதனால்தான்.

வேறு எதுவும் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது

வாலைத் தேய்ப்பதற்குக் கீரைப்பூச்சி மாதிரியான ஒரு குடற்புழுவும் காரணமாகலாம். அது ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அதிகாலையில், கழுவுவதற்கு முன், ஒரு செல்லோடேப் துண்டை அந்த இடத்தில் ஒட்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுத்தால் நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். பேனுக்குப் பட்டப்பகலில் பிடரியை வகிடெடுத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். கணுக்காலில் மட்டும் அரித்துக் காலை உதைத்துக்கொண்டால் அது வேறுவகைச் சொறிப்பூச்சி. வட்ட வட்டமாக முடி உதிர்ந்து அரிப்பு அதிகம் இல்லாவிட்டால் படர்தாமரை. முதுகில் தூரிகை போல முடிக்கற்றையோடு பிய்த்துக்கொண்டு வரும் பொருக்கு, மழையில் நனைந்தே நிற்கும் குதிரைக்கு வரும் பாக்டீரியாத் தொற்று. அது அரிப்பதைவிட வலிக்கும்.

அடிவயிற்றுப் பொருக்குக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. இதே சுள்ளான் பரப்பும் ஆங்கோசெர்கா என்ற நூற்புழுவின் குஞ்சுகள் அந்த இடத்துத் தோலில் தங்கும். அதற்கு ஐவர்மெக்டின் வேலை செய்யும். ஆனால் வாய்வழிப் பசையாக, கிலோ உடல் எடைக்கு 0.2 மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டும். மாட்டு ஊசியைக் குதிரையின் தசையில் போட்டால் அந்த இடத்தில் உயிருக்கே ஆபத்தான க்ளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாத் தொற்று வரும் அபாயம் இருக்கிறது. போன முறை தப்பித்தீர்கள், இனி வேண்டாம். பசை கொடுத்த ஓரிரு நாளில் புழுக்குஞ்சுகள் சாகும்போது வயிற்றடியில் வீக்கமும் அரிப்பும் கூடலாம். மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்துக்கொண்டு கொடுங்கள். ஐவர்மெக்டின் பூச்சி கடிப்பதை நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எடை தெரியாமல் எந்த மருந்தும் கொடுக்க முடியாது, எடைமேடையும் பக்கத்தில் இருக்காது. தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால், பிடரி முடியும் மேட்டை ஒட்டி நெஞ்சுச் சுற்றளவை அளங்கள். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தை அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 160 செ.மீ., நீளம் 150 செ.மீ. என்றால் ஏறக்குறைய 323 கிலோ. உங்கள் குதிரை அந்த அளவுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கீழே கணக்குச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்றால், பூச்சிக்கடி ஒவ்வாமை ஒட்டாது. படர்தாமரை ஒட்டும், சொறிப்பூச்சியும் கொஞ்ச நாள் மனிதத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். தோல் சுரண்டல் பரிசோதனை முடியும்வரை பிள்ளைகள் பிரஷ் போட வேண்டாம். அந்தப் பரிசோதனை அரசு கால்நடை மருந்தகத்திலிருந்தே ஏற்பாடாகும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்கு எட்டும் தூரம்தான் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காலின் உட்புறத்தில் வரிசையாக முடிச்சுகள் எழும்பி, உடைந்து தேன் நிறத்தில் சீழ் வந்தால், அல்லது மூக்கில் கெட்டியான சளியோடு காய்ச்சல் இருந்தால், கையால் தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் அப்படி வரும். மனிதருக்கும் பரவும். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் அதுவும் ஒன்று. ரத்த மாதிரி ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் வரை போகும். உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை.

கொட்டிலும் காற்றும்

இந்தப் பூச்சி பறப்பதில் மகா சோம்பேறி. வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் காற்று அடித்தால் அதனால் குதிரை மேல் உட்கார முடியாது. எனவே கொட்டிலில் இரண்டு பண்ணை மின்விசிறி மாட்டுங்கள், ஒன்று பிடரிப் பக்கம், ஒன்று வாலடிப் பக்கம். வீட்டுக் கூரை விசிறி போதாது, காற்றை அது கீழே மட்டும்தான் தள்ளும். விசிறி குதிரையின் வாய்க்கும் வாலுக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், ஒயர் பிவிசி குழாய்க்குள் போகட்டும், இணைப்பில் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கருவி) கட்டாயம். ஈரத் தரையில் லாடம் கட்டிய குதிரைக்கு மின்கசிவு மனிதரைவிட மோசம்.

மாலை 4:30க்குள் குதிரை உள்ளே வந்துவிட வேண்டும். காலையில் வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆனபின் வெளியே விடுங்கள். மழை விட்டுக் காற்று அடங்கிய புழுக்கமான பகலிலும் பூச்சி கிளம்பும், அன்றைக்கு விசிறி பகலிலும் ஓடட்டும். ஜன்னலுக்குச் சாதாரணக் கொசுவலை பயன்படாது, அதன் கண்ணில் இது தாராளமாக நுழையும். ரொம்பப் பொடிக்கண் வலை காற்றையும் சேர்த்து நிறுத்திவிடும். அந்தக் காசை விசிறிக்குப் போடுங்கள்.

மாட்டுக்குப் போடுவது போல வேப்பிலை மூட்டம் போடுகிறீர்களா? திறந்த வெளியில், காற்று வரும் பக்கத்தில், லேசாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மூடிய கொட்டிலுக்குள் புகை வேண்டாம். குதிரையின் நுரையீரல் புகைக்கும் தூசிக்கும் சட்டென்று கெட்டுப்போகும். அரிப்போடு இருமலும் சேரும்.

குப்பைமேட்டைத் தோப்பின் மறுகோடிக்கு நகர்த்துங்கள். சாணம் கலந்த ஈரச் சேறுதான் இந்தப் பூச்சிக்குப் பிரசவ அறை. தண்ணீர்த் தொட்டி வழிந்து தேங்கும் இடத்தில் மணல் கொட்டுங்கள். நடவு வயலை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் பூச்சி முழுதும் ஒழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்ணிக்கை பாதியானாலே குதிரை உங்களுக்குச் சொல்லிவிடும்.

கழுத்திலிருந்து வாலடி வரை மூடி, வயிற்றுக்கடியில் பட்டையாகக் கட்டும் மெல்லிய போர்வை நல்ல துணை. தையல்காரரிடமே தைத்துக்கொள்ளலாம். காற்றுப் போகும் நெருக்கமான வலைத்துணியாக இருக்கட்டும், வியர்த்தால் உடனே கழற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் இதை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தோலுக்கு இப்போது என்ன செய்வது

மண்ணெண்ணெயையும் கற்பூரத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். புண்ணான தோலில் அது ரசாயனத் தீக்காயம். வேப்பெண்ணெயைக் கலக்காமல் பூசியதும் தோலை எரித்திருக்கும். அரிப்பு இந்த வருடம் கூடியதில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

முதல் வாரம் தினமும் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரை மெதுவான வேகத்தில் பிடரியிலும் வாலடியிலும் ஓடவிடுங்கள். அரிப்பைத் தணிக்க இதைவிட மலிவான மருந்து கிடையாது. வாரத்துக்கு இரண்டு நாள் 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த கால்நடை ஷாம்பு. போட்டவுடன் கழுவிவிட்டால் அது வெறும் சோப்பு. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் நுரையோடு நிற்க வேண்டும், அப்போதுதான் கிருமி சாகும். பிறகு வடியும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தங்கிப்போன ஷாம்பே அடுத்த அரிப்புக்கு வித்து. துணி சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். குளியல் எதுவானாலும் பிற்பகல் 3 மணிக்குள் முடிந்து, அந்தி வருவதற்குள் உடம்பு காய்ந்திருக்க வேண்டும்.

ஷாம்பு நாளில் கடைசி அலசலாக ஓட்ஸ் தண்ணீர் ஊற்றலாம். கால் கிலோ ஓட்ஸை மாவாக அரைத்து மெல்லிய துணியில் முடிந்து, 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். பாலாக வரும். அதை ஊற்றி அப்படியே காயவிடுங்கள்.

திறந்த புண்ணை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, சில்வர் சல்ஃபாடையசின் களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். மஞ்சள் பூசினால் கெடுதல் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கெட்டிப் பொருக்காகி அடியில் சீழோ புழுவோ இருப்பதை மறைத்துவிடும். தினமும் புண்ணைப் பார்க்க வேண்டும், ஈ முட்டையிட ஒரு பகல் போதும். இன்னொன்று, தேய்த்த புண் வழியாக வரும் டெட்டனஸ் குதிரையை விடாது. கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டது என்று தெரியாவிட்டால் இந்த வாரமே மருத்துவரிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் கேட்டீர்களே, அதற்கு ஒரு இடம் இருக்கிறது. மாலையில் பிடரியின் அடியிலும் வாலடியிலும் லிக்விட் பாரஃபின் மெல்லிய படலமாகத் தடவினால் பூச்சி தோலை எட்டுவது கடினம். காலையில் துடைத்துவிடுங்கள். எண்ணெயோடு வெயிலில் நின்றால் தூசியும் சூடும் சேர்ந்து தோல் வெந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 25 சதவீத பென்சைல் பென்சோயேட் திரவமும் இந்த நோய்க்குப் பழைய மருந்துதான். புண் இல்லாத இடத்தில் மட்டும், சம அளவு தண்ணீர் கலந்து, முதலில் உள்ளங்கையளவு இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்தபிறகு பயன்படுத்துங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தெளிப்பு நன்றாக வேலை செய்யும். குதிரைக்கு உரியதை, சீட்டில் போட்ட அளவில், ஊர்வலத்துக்கு அரை மணி முன்பு கழுத்து, வயிறு, வாலடியில் தெளியுங்கள், சேணம் படும் இடத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அண்டவிடாதீர்கள், பெர்மெத்ரின் அதற்கு விஷம். மீனுக்கும் அப்படியே, அதனால் குதிரையைக் குளத்தில் இறக்கிக் கழுவ வேண்டாம்.

ஊர்வல அலங்காரத்தையும் ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். ஜிகினாத் துணி, கழுவாத வெல்வெட், சாயப்பொடி, தெளிக்கும் சென்ட் எல்லாமே ஏற்கெனவே கொதித்திருக்கும் தோலைக் கிளறும். பிடரிமேல் பருத்தித் துணி ஒன்று போட்டு அதன்மேல் அலங்காரம் வையுங்கள்.

ஸ்டீராய்டை முற்றாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன்னையே கிழித்துக்கொள்ளும் குதிரைக்குச் சில நாள் பிரட்னிசலோன், குறைத்துக் குறைத்து நிறுத்தும் கணக்கில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது கருணைதான். மருந்துக்கடைக்காரர் சொல்லிப் போடும் ஊசிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் குளம்பில் தெரியும். ஸ்டீராய்டு குளம்புக்குள் அழற்சியைத் தூண்டலாம். குளம்பு சுடுவது, கணுவுக்குமேல் நாடி துள்ளுவது, முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைப்பது, திரும்பத் தயங்குவது என்று எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரை வரவழையுங்கள். குதிரை சினையா என்று நீங்கள் எழுதவில்லை, அதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளால் பலன் கொஞ்சம்தான். பெரிதாக நம்ப வேண்டாம்.

பளபளப்பு தொட்டியிலிருந்து வருகிறது

உங்கள் தீவனத்தில் எனக்கு அரிப்பைவிடக் கவலை தருவது தவிடு. 3 கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். கோ-4 வகைக் கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்ஸலேட், இருக்கிற கால்சியத்தையும் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். முகவெலும்பு வீங்கி, காரணம் தெரியாமல் நொண்டும் நோய் அப்படித்தான் வருகிறது. மாட்டுக்கு அந்தப் புல் அருமை, அதன் இரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை.

தவிட்டை அரைக் கிலோவுக்குக் குறைத்து, அதில் 20 கிராம் தீவனத் தரக் கால்சியம் கார்பனேட் கலந்துவிடுங்கள். கொள்ளு ஒரு கிலோ போதும். கோ-4ஐப் பாதியாக்கி, மீதிக்கு அருகம்புல்லும் குதிரைமசாலும் கொடுங்கள். கால்சியமும் புரதமும் நிறைந்த தீவனம் குதிரைமசால். பெயரிலேயே குதிரையை வைத்துக்கொண்டு நம் ஊரில் அது மாட்டுக்குத்தான் போகிறது! காய்ந்ததாக 2 கிலோ, பச்சையாக என்றால் 8 கிலோ அளவில் போதும். வரப்பு அருகம்புல்லை அறுப்பதற்கு முன் வயலில் மருந்து அடித்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 320 கிலோ குதிரைக்கு நாளைக்குக் காய்ந்த கணக்கில் 5லிருந்து 6.5 கிலோ நார்த்தீவனம் வேண்டும். பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், பார்க்கப் பெரிய கட்டாக இருந்தாலும் 25 கிலோ புல் 5 கிலோவுக்குத்தான் சமம். மாற்றம் எதுவானாலும் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலிதான்.

அடுத்து ஆளி விதை. ஒமேகா-3 கொழுப்பு இதில் அதிகம். 2002இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், இதே ஒவ்வாமை உள்ள ஆறு குதிரைகளுக்கு 42 நாள் கொடுத்தபோது பூச்சிச் சாற்றுக்குத் தோல் காட்டிய வீக்கம் குறைந்தது. சிறிய ஆய்வு, அதைவைத்து அரிப்பு போய்விடும் என்று உறுதி தரமாட்டேன். முடி மினுக்கு ஏறும் என்று தைரியமாகச் சொல்லலாம். நாளைக்கு 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் 150 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். அன்றன்றைக்கு மிக்ஸியில் அரைத்து, உடனே தீவனத்தில் கலந்து கொடுங்கள். முழு விதை அப்படியே லத்தியில் வந்துவிடும். அரைத்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள், ஊறும்போது சயனைடு உண்டாகும். எண்ணெயாக வாங்குவதானால் உணவுக்கானதை மட்டும் வாங்குங்கள். பெயிண்ட் கடையில் விற்கும் ஆளி எண்ணெயில் உலர்த்தும் ரசாயனம் கலந்திருக்கும்.

கல் உப்பைப் பொடித்து நாளைக்கு 25 கிராம், ஊர்வலத்தில் வியர்த்த நாளில் இன்னும் கொஞ்சம். இந்த எடைக் குதிரைக்கு நாளொன்றுக்குத் தாமிரம் சுமார் 65 மில்லிகிராம், துத்தநாகம் 260 மில்லிகிராம் தேவை. செவலை நிறம் வெளிறிப்போவதில் இந்த இரண்டின் குறைவுக்கும் பங்கு இருக்கும். குதிரைக்கான தாதுக்கலவை ஒன்றே ஒன்று போதும். முடி வளரும் என்று இரண்டு மூன்று டானிக்கைச் சேர்த்துக் கொடுத்தால் செலினியம் கூடிவிடும். அதன் நஞ்சுக்கு முதல் அடையாளமே பிடரியும் வாலும் கொட்டுவதுதான்! மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் பக்கம் குதிரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைச் சிதைக்கும், அதற்கு மாற்று மருந்து இல்லை.

சித்திரை வெயிலில் ஒன்றைக் கவனியுங்கள். இருபது நிமிடம் ஓடியபின்னும் நெஞ்சும் விலாவும் வியர்க்காமல், மூக்கு விரிந்து மூச்சு வாங்கினால் அது வியர்வை நின்றுபோகும் நோய். வெப்பமும் ஈரமும் மிகுந்த கரையோர ஊர்களுக்குப் பழக்கமானதுதான். முடி வறண்டு செதில் உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம், எண்ணெய் அதற்கு உதவாது.

திருப்பிக் கொடுப்பது, விற்பது, குட்டி எடுப்பது

விற்றவர் மேல் பிழை சொல்ல முடியாது. நோய் உங்கள் ஊரில், வாங்கி ஒரு வருடம் கழித்துத் தொடங்கியது. விற்கும் நாளில் அது குதிரையிடம் இல்லை. நீங்கள் விற்பதானால் கதை வேறு. சட்டம் என் துறை அல்ல என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மோசடி என்றால் என்ன என்பதற்குத் தரும் உதாரணங்களில் நோய்க்குதிரை விற்பனைதான் வருகிறது. குறையைச் சொல்லாமல் ஏலத்தில் விற்பது மட்டுமே மோசடி ஆகாது. ஆனால் வாங்குகிறவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று சொல்லி, நீங்கள் வாய்மூடி இருந்தால் அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். மாசி பங்குனியில், அரிப்பு அடங்கிக் குதிரை அழகாக நிற்கும்போது, இந்தக் கேள்வி நிச்சயம் வரும். சொல்லியே விற்றுவிடுங்கள். காற்றோட்டமான வறண்ட மேட்டு நிலத்துக்காரருக்கு இந்தக் குதிரையால் பெரிய தொல்லை இருக்காது, அவருக்கு விற்பது குதிரைக்கும் நல்லது.

என்னைக் கேட்டால், விசிறி மாட்டி ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள். குட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இந்த ஒவ்வாமைக்கு வம்சத் தொடர்பு உண்டு, அதே சேற்று ஊரில் பிறக்கும் குட்டிக்கும் வரும் வாய்ப்பு மற்ற குட்டிகளைவிட அதிகம்.

சுழி என்பது முடி முளைக்கும் திசை. குதிரை பிறக்கும்போதே அமைந்துவிடும். அது காரணமாக இருந்தால் தையில் அரிப்பு நின்று ஐப்பசியில் திரும்ப வராது. மாமாவிடம் இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்கள்.

இந்த முறை புண் ஆற மூன்று வாரம் ஆகலாம். வால் பழைய நீளத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாகும். அடுத்த வருடம் அரிப்பு தொடங்கக் காத்திருக்க வேண்டாம். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்குள் விசிறி ஓட வேண்டும், குப்பைமேடு நகர்ந்திருக்க வேண்டும், போர்வை தைத்துக் கையில் இருக்க வேண்டும். ஆளி விதையை அதற்கும் ஆறு வாரம் முன்னால், ஆவணியிலேயே தொடங்கிவிடுங்கள்.